ஷ்மிட் பேசிய ஆங்கிலம்

பொறியியல் படித்தவர்களுக்கு 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' என்ற தாள் நினைவிருக்கும். நான்கு வருடத்தில் கணக்குப் போடாமல் பாஸாகக்கூடிய அபூர்வமான தாள்களில் ஒன்று. முந்தைய நாள் ராத்திரி ஒரு தடவை புரட்டினால் போதும், 16 மார்க் கேள்விக்கு நான்கு பக்கம் கதை எழுதிவிடலாம். நானும் அப்படித்தான் எழுதினேன், நல்ல மார்க்கும் வாங்கினேன்.

கதை என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் பாடம் உண்மையிலேயே ஒரு கதையாகத்தான் சொல்லித்தரப்படுகிறது. முதலில் டெய்லர் வருகிறார், தொழிலாளியை இயந்திரமாகப் பார்க்கிறார். பிறகு எல்டன் மேயோ வருகிறார், தொழிலாளிக்கும் மனசு உண்டு என்று கண்டுபிடிக்கிறார். மாஸ்லோ வந்து தேவைகளை ஐந்து அடுக்காக வைக்கிறார். (பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்தப் பிரமிடை மாஸ்லோ வரையவில்லை, பின்னால் வந்தவர்கள் வரைந்தது.) கடைசியில் மெக்ரிகர் வந்து மனிதன் இயல்பிலேயே உழைக்க விரும்புகிறவன்தான், நம்பினால் போதும் என்கிறார். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் கதை. இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தில் நாம் இருக்கிறோம் என்று நம்பவும் வைக்கிறது: பீன் பேக் போட்ட அலுவலகம், பெயர் சொல்லிக் கூப்பிடும் மேனேஜர், மாதத்துக்கு ஒரு 'ஒன் ஆன் ஒன்'.

நான் டீம் லீடாக ஆன பிறகு இந்தக் கதை மீது எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சந்தேகம் வந்ததும் பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு மூலநூல்களையும், அவற்றைப் பற்றிப் பின்னால் வந்த விமர்சனங்களையும் படித்தேன். சிறுகதை படிக்கிற கண்ணோடு படித்தேன் என்றே சொல்ல வேண்டும். யார் சொல்கிறார், யாரைப் பேசவைக்கிறார், யாரைப் பேசவிடவில்லை என்று கேட்டுப் பார்ப்பது இலக்கிய வாசகனுக்குப் பழக்கமான வேலைதானே.

*

ஃப்ரெடரிக் வின்ஸ்லோ டெய்லரின் 'அறிவியல் முறை மேலாண்மையின் கோட்பாடுகள்' 1911இல் வெளிவந்தது. அதில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி ஷ்மிட்டின் கதை. இடம் பென்சில்வேனியாவில் உள்ள பெத்லஹேம் இரும்பாலை, காலம் 1899. அங்கே ஆட்கள் 92 பவுண்டு எடையுள்ள இரும்புக் கட்டியைக் குனிந்து எடுத்து, சாய்வுப் பலகையில் ஏறி, ரயில் பெட்டிக்குள் போடுகிறார்கள். நாள் முழுக்க இதே வேலை. ஒரு ஆள் நாளொன்றுக்கு சராசரியாக பன்னிரண்டரை டன் ஏற்றுகிறார். 47 டன்னுக்கு மேல் ஏற்ற முடியும் என்கிறார் டெய்லர். அதை நிரூபிக்க ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார். பென்சில்வேனியா டச்சு என்று அங்கே அழைக்கப்படும் ஜெர்மானிய வழி வந்த, குள்ளமான, சிக்கனமான ஆள். புத்தகத்தில் அவர் பெயர் ஷ்மிட்.

பிறகு ஒரு உரையாடல் வருகிறது. நீ விலைமதிப்புள்ள ஆளா இல்லையா என்று ஷ்மிட்டிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. விலைமதிப்புள்ள ஆளுக்கு 1.85 டாலர், மற்றவர்களுக்கு 1.15 டாலர். விலைமதிப்புள்ள ஆள் எதிர்த்துப் பேசமாட்டான், எடு என்றால் எடுப்பான், உட்கார் என்றால் உட்காருவான். ஷ்மிட் ஒப்புக்கொள்கிறார். மறுநாளிலிருந்து, கையில் கடிகாரம் வைத்திருப்பவர் சொல்கிறபடி எடுக்கிறார், நடக்கிறார், உட்காருகிறார். மாலைக்குள் நாற்பத்தேழரை டன் ஏறிவிடுகிறது. கூலி ஏறியது சுமார் 61 சதவீதம், வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது என்னை நிறுத்தியது அந்தக் கணக்கு இல்லை, ஷ்மிட்டின் உச்சரிப்பு. டெய்லர் நல்ல ஆங்கிலத்தில் எழுதுகிறார், அவருடைய கேள்விகளும் நல்ல ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஷ்மிட்டின் பதில்களை மட்டும் ஜெர்மன் வாடையடிக்கும் உடைந்த ஆங்கிலத்தில், எழுத்துக்கூட்டலையே மாற்றி அச்சிட்டிருக்கிறார். ஒரு மேலாண்மை நூலில் இதற்கு என்ன அவசியம்? படித்த மெக்கானிக்கிடம் இப்படிப் பேசினால் கொடுமைதான், ஆனால் மந்தமான இந்த ஆளிடம் இதுதான் பொருத்தம் என்று டெய்லரே சமாதானமும் சொல்கிறார். அந்தச் சமாதானத்தை வாசகன் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஷ்மிட் மந்தமானவர் என்று முதலில் நம்ப வேண்டும். அந்த வேலையை உச்சரிப்பு செய்துமுடிக்கிறது.

நம் பழைய தொடர்கதைகளைப் படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதில்லை. கதைசொல்லியும் கதாநாயகனும் சுத்தமான தமிழில் பேசுவார்கள். வண்டிக்காரனும் வேலைக்காரியும் மட்டும் கொச்சையில் பேசுவார்கள். வட்டார வழக்கு அங்கே மனிதரைக் காட்டுவதற்காக வரவில்லை, அவர் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதற்காக வந்தது. வட்டார வழக்கிலேயே யோசிக்கிற கதாபாத்திரங்கள் தமிழில் வந்தபோது ஏற்பட்ட மாற்றம் மொழியோடு நிற்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

ஷ்மிட்டின் நிஜப் பெயர் ஹென்றி நால். டெய்லரின் புத்தகத்திலேயே ஒரு விவரம் போகிற போக்கில் வருகிறது: இந்த ஆள் சின்னதாக ஒரு மனை வாங்கி, வேலைக்குப் போவதற்கு முன்பும் வந்த பிறகும் தன் வீட்டுச் சுவரைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திட்டம் போட்டு, பணம் சேர்த்து, சுவர் எழுப்புகிற ஒருவரை, யோசிக்கத் தெரியாதவர், புத்தி அளவில் எருதுக்கு ஒப்பானவர் என்று அதே புத்தகம் சொல்கிறது. இரண்டும் சில பக்க இடைவெளியில் இருக்கின்றன. டெய்லருக்கு அது முரணாகவே படவில்லை. பின்னாளில் ஷ்மிட் அதிக வேலையால் செத்தே போய்விட்டார் என்று வதந்தி கிளம்பியது. அவர் உயிரோடு இருப்பதைக் காட்டுவதற்காக டெய்லர் ஆள் விட்டுத் தேடவேண்டி வந்தது. அப்போதும் அவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி, அவர் ஆரோக்கியமாக இருக்கிறாரா என்பதுதான். என்ன நினைக்கிறார் என்பதல்ல.

*

சரி, நடை போகட்டும், அறிவியலாவது நிஜம்தானா?

1974இல் ரெக், பெரோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் டெய்லரின் உதவியாளர்கள் எழுதிவைத்த அறிக்கையையும் டெய்லர் சொன்ன கதையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அதிலிருந்து தெரிவது இது. திடகாத்திரமான பத்து ஹங்கேரியர்களைத் தேர்ந்தெடுத்து, முடிந்த மட்டும் வேகமாக ஏற்றச் சொன்னார்கள். பதினான்கு நிமிடத்தில் பதினாறரை டன் ஏறியது. அதே வேகத்தில் பத்து மணி நேரம் வேலை செய்தால் எவ்வளவு என்று பெருக்கினார்கள், ஒரு ஆளுக்கு 70 டன்னுக்கு மேல் வந்தது. ஓய்வுக்கும் தாமதத்துக்கும் என்று அதில் 40 சதவீதத்தைக் கழித்தார்கள். ஏன் 40? ஏன் 30 இல்லை, 55 இல்லை? அதற்குச் சொல்லும்படியான காரணம் அந்த அறிக்கையில் இல்லை. அந்தக் கூலிக்கணக்கில் வேலை செய்யச் சொன்னபோது முதலில் அமர்த்தப்பட்டவர்கள் மறுத்தார்கள், வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். இந்த மறுப்பு டெய்லரின் கதையில் இல்லை.

மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். ஒரு நல்ல நாளில் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் முடித்த வேலையை வைத்து, அதை வாரத்துக்குப் பெருக்கி, 'பஃபர்' என்று ஒரு சதவீதத்தைக் கழித்து, வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லும் எஸ்டிமேஷன் கூட்டங்களில் நாம் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறோம். கடிகாரத்துக்குப் பதில் இப்போது 'ஸ்டோரி பாயின்ட்'. 40 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது.

டெய்லரை வில்லனாக்கிவிடுவதும் சுலபம், அதையும் செய்யக்கூடாது. களைப்புக்கு ஓய்வு வேண்டும் என்பதைக் கணக்கில் கொண்டுவந்தவர் அவர். மண்வாரியில் ஒரு தடவைக்கு 21 பவுண்டு அள்ளுவது போல அமைத்தால் ஒரு நாளில் அதிகம் அள்ளலாம் என்று அளந்து சொன்னவர், கருவியை மாற்றாமல் ஆளைத் திட்டுவதில் பயனில்லை என்று காட்டியவர். எல்லாவற்றுக்கும் மேல், தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை, வேகமாகச் செய்தால் முதலாளி துண்டுக்கூலியைக் குறைத்துவிடுவார் என்ற நியாயமான பயம் என்பதை ஒளிக்காமல் எழுதியவர். பின்னால் வந்த மென்மையானவர்களிடம் இந்த நேர்மை இல்லை.

தொழிலாளிகள் பதில் சொல்லாமலும் இல்லை. 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்பாளர்கள் ஸ்டாப்வாட்சை எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழு அமைத்து டெய்லரையே கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. 1915இல் ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் பயன்படுத்தத் தடை வந்தது. நான் படித்த பாடத்தில் இந்த வேலைநிறுத்தம் இல்லை. டெய்லரைத் திருத்தியவர் மேயோ என்றுதான் இருந்தது.

*

மேயோவின் கதை ஹாத்தார்னில் நடக்கிறது. சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை அது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, ஆக மாறியது வெளிச்சமில்லை, தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வுதான் என்று பாடப்புத்தகம் சொல்லும். 1924 முதல் 1927 வரை நடந்த அந்த வெளிச்சப் பரிசோதனைகளின் தரவுகள் தொலைந்துவிட்டதாகவே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அவை கிடைத்த பிறகு லெவிட், லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் 2011இல் மறு ஆய்வு செய்தார்கள். புத்தகங்கள் சொல்கிற அந்த அதிசயத்துக்கு அதில் பெரிய ஆதாரம் இல்லை.

அடுத்து வருவது ரிலே அறை. 1927இல் ரிலே கோக்கும் ஐந்து பெண்களையும், பாகங்களை எடுத்துக்கொடுக்க ஒருவரையும் தனி அறையில் வைத்தார்கள். இடைவேளை கொடுத்துப் பார்த்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், எல்லாவற்றையும் திரும்ப எடுத்தும் பார்த்தார்கள். உற்பத்தி மொத்தத்தில் உயர்ந்தபடி இருந்தது. கவனிப்பும் நட்பும்தான் காரணம் என்றார்கள்.

ஆனால் இரண்டு விவரங்கள் உண்டு. தனி அறைக்கு வந்ததும் கூலிமுறை மாறியது. முன்பு பெரிய கூட்டத்தின் மொத்த உற்பத்தியைப் பொறுத்திருந்த பணம், இப்போது இந்தச் சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்தது. கூடுதலாகக் கோத்தால் கூடுதல் காசு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது, 1928 ஜனவரியில் இரண்டு பெண்களை அறையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர்களுக்குப் பதில் வந்த இருவரும் வேகமானவர்கள். அதில் ஒருவர் மற்றவர்களையும் முடுக்கிவிட்டார். 1967இல் அலெக்ஸ் கேரி எழுதிய கடுமையான விமர்சனம் இதைத்தான் சுட்டியது. கண்டிப்பும் காசும் செய்த வேலையை நட்பின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது 1931 நவம்பரில் தொடங்கிய வேறொரு அறை. அதில் பதினான்கு ஆண்கள், தொலைபேசி இணைப்பகத்துக்கான பாங்க் வயரிங் வேலை. அவர்களை மாற்றாமல் வெறுமனே கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதற்கு மேல் செய்தால் கேலிப் பெயர், தோளுக்குக் கீழே ஒரு குத்து. ரொம்பக் குறைவாகச் செய்தாலும் கேலிதான். மேலே போட்டுக்கொடுப்பவனுக்கு மரியாதை கிடையாது. ஏனப்பா இப்படி என்று கேட்டால், அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லை யாரையாவது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றார்கள். ஆய்வாளர்கள் இதை உணர்ச்சி சார்ந்தது, தர்க்கமற்றது என்று எழுதினார்கள். இவர்கள் யாருக்கும் அப்படிக் கூலி குறைக்கப்பட்ட அனுபவம் இல்லையே என்பது அவர்கள் வாதம்.

அது பெருமந்தத்தின் காலம். தொழிற்சாலையில் ஆட்கள் கொத்துக்கொத்தாகக் குறைந்துகொண்டிருந்தார்கள். 1932 மே மாதம் அந்த அறையின் ஆய்வு முடிந்தது. முடிந்ததற்குக் காரணம், அவர்களுக்குக் கொடுக்க வேலை இல்லாமல் போனது. தொழிலாளிகள் பயந்தது ஆய்வாளர்களின் கண்ணெதிரே நடந்தது. அதற்கப்புறம் 1939இல் வந்த தடித்த புத்தகத்திலும் அவர்களுடைய பயம் தர்க்கமற்றது என்றே இருக்கிறது. டெய்லராக இருந்தால் அந்தப் பதினான்கு பேரைத் திட்டியிருப்பார், வேலையைவிட்டுத் துரத்தியிருப்பார். ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டிருப்பார். மனசைக் கண்டுபிடித்தவர்களால் அது முடியவில்லை. ஒருவருக்கு மனசு இருக்கிறது என்று கண்டுபிடித்த கையோடு, அவருக்கு அறிவு இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள்.

*

இப்போது என் சந்தேகத்தின் காரணத்துக்கு வருகிறேன். ஹாத்தார்னில் ஒரு நேர்காணல் திட்டமும் இருந்தது. 1928இலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் 20,000க்கும் அதிகமான தொழிலாளிகளிடம் பேசினார்கள். குறுக்கிடக் கூடாது, தீர்ப்பு சொல்லக் கூடாது, பேசவிட வேண்டும் என்று நேர்காணல் செய்பவருக்குப் பயிற்சி. அதிலிருந்து ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு வந்தது: எதையும் மாற்றாவிட்டாலும், பேசிவிட்டாலே பலருக்குக் குறை குறைந்துவிடுகிறது. 1936இல் இதுவே ஆலோசகர்களை வைத்து நிரந்தரத் திட்டமானது. ஆலோசகரின் வேலை கேட்பது மட்டும். கேட்டதை வைத்து எதையும் மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் என் டீமில் ஒரு பையன் இருந்தான். மாதாமாதம் அவனுடன் ஒன் ஆன் ஒன். நான் நன்றாகக் கேட்பேன் என்று எனக்கு எண்ணம். அவனும் பேசுவான். ராத்திரி ரிலீஸ் தொடர்ந்து அவன் தலையிலேயே விழுவது, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு கேட்கக் கூச்சமாக இருப்பது, எல்லாம். நான் ஒரு டாக்குமென்ட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்வேன். வருடக் கடைசியில் ரேட்டிங். பெல் கர்வ் என்றால் எல்லோருக்கும் தெரியும், டீமில் யாராவது ஒருவர் கீழே விழுந்தாக வேண்டும். அவன் பெயரை நான்தான் போட்டேன். போட்டதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. டாக்குமென்ட்டைத் திறந்தேன். ராத்திரி ரிலீஸில் சலிப்பு, லீவு, எல்லாம் அங்கே தயாராக இருந்தது. 'உரிமையுணர்வு இன்னும் வளர வேண்டும்' என்று எழுதினேன்.

அவன் கோபப்படவில்லை. "அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? மாசாமாசம் பேசுனோமே, அதெல்லாம் எதுக்கு?" என்றான்.

"உன்னைப் புரிஞ்சுக்கத்தான்டா" என்றேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் பதில் அது. இரண்டு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

டெய்லரின் ஆள் ஷ்மிட்டின் முதுகை அளந்தார். நான் அவன் சொன்ன வார்த்தைகளை அளந்தேன். அவனைச் சொந்தக் குரலில் பேசவிட்டேன், உச்சரிப்பை மாற்றவில்லை. ஆனால் கடைசியில் அந்தக் குரலை என் ஆங்கிலத்தில், ஒரே வரியில் எழுதினேன். கல்லூரியில் படித்த கதையில் நான் கடைசி அத்தியாயத்து ஆள். இது எப்படி நடந்தது?

மெக்ரிகர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார் என்று ஒருகாலத்தில் நினைத்தேன். அவருடைய 'நிறுவனத்தின் மனிதப் பக்கம்' 1960இல் வந்தது. ஆட்கள் சோம்பேறிகள், கண்காணிக்க வேண்டும் என்று மேனேஜர் நம்பினால் அது எக்ஸ். பொறுப்பைத் தேடி எடுப்பவர்கள், நம்பலாம் என்று நினைத்தால் அது ஒய். நல்ல புத்தகம், இன்றும் படிக்கலாம். மேனேஜர் எதை நம்புகிறாரோ அதற்கேற்ப ஆட்களும் ஆகிவிடுவார்கள் என்ற கவனிப்பு கூர்மையானது. ஆனால் அந்தப் பையன் விஷயத்தில் நான் ஒய்தான். அவனைச் சோம்பேறி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பெல் கர்வுக்கு என் நம்பிக்கை தேவைப்படவில்லை, என் கையெழுத்து போதும். அமைப்பில் இருக்கும் கோளாறை மேனேஜரின் மனசுக்குள் வைத்துப் பேசுவதுதான் மேயோவுக்குப் பிந்தைய இந்தப் படிப்பின் பொதுவான பலவீனம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் தொழிலாளியின் மனசு, பிறகு மேனேஜரின் மனசு. சம்பளப் பட்டியலும் ஆட்குறைப்பும் எப்போதும் அறைக்கு வெளியே.

இதே சமயத்தில்தான் அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' நாவலை மறுபடி படித்தேன். சினிமா நாவல் என்று அதைச் சொல்வார்கள். எனக்கு இந்த முறை அது அலுவலக நாவலாகத் தெரிந்தது. ஒரு படக்கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஏற்பாடு செய்வதில் தொடங்கும். வண்டி, சாப்பாடு, ஆட்கள், முன்பணம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கதை நகர்ந்துகொண்டே போகும், நிலையான நாயகன் கிடையாது. தயாரிப்பாளர் ரெட்டியார் அதிகாரம் உள்ளவர்தான், ஆனால் அவரையும் பணம் பிடித்து ஆட்டுகிறது. நாவலில் யாரும் யாருடைய மனசையும் மேம்படுத்த முயல்வதில்லை. காசு எங்கிருந்து வரவேண்டும், வராவிட்டால் அந்த இழப்பு யார் தலையில் போய் இறங்கும் என்பது மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. மேலிருப்பவர், கீழிருப்பவர் எல்லோருக்கும் அசோகமித்திரன் ஒரே அளவு புத்தியைக் கொடுக்கிறார். நிறுவன நடத்தை என்ற பாடத்துக்கு நான் ஒரு புத்தகம் வைக்க வேண்டுமென்றால் டெய்லருக்கும் மேயோவுக்கும் நடுவில் இதை வைப்பேன்.

டெய்லர், மேயோ, மெக்ரிகர் மூவரையும் படிக்க வேண்டாம் என்று சொல்லவரவில்லை. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும், அதுவும் மூலத்தில். நம்மை ஆளும் சொற்கள் எங்கே பிறந்தன என்று தெரியும். ஆனால் மார்க் வாங்குவதற்காகப் படித்த வரிசையில் படிக்காதீர்கள். பாங்க் வயரிங் அறையில் இருந்து தொடங்குங்கள். அந்தப் பதினான்கு பேர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

நான் இப்போதும் லீட்தான். ஒன் ஆன் ஒன்னும் நடக்கிறது. குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஆரம்பத்திலேயே எதை என்னால் மாற்ற முடியும், எதை முடியாது என்று சொல்லிவிடுகிறேன். முடியாத பட்டியல்தான் நீளம். ராத்திரி ரிலீஸ் யாருக்கு எத்தனை என்று ஒரு ஷீட் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். பெல் கர்வ் அப்படியே இருக்கிறது. இந்த வருடம் யார் பெயர் என்று இன்னும் கேட்கவில்லை. மார்ச்சில் கேட்பார்கள்.